மஞ்சள் தண்ணீர் விழுந்த மண்

என் தங்கச்சி மகளுக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்தக் குழந்தைக்கு உலகத்தில் தாய்மாமன் என்று இருப்பவன் நான் ஒருவன்தான். நானோ ஜப்பானில் அணு உலை வெடித்த பக்கம் மண் சுரண்டிவிட்டு வந்தவன். பினாங்கில் ஒரு நல்ல குடும்பம் தூக்கத்தை இழக்க இதற்கு மேல் என்ன வேண்டும்?

நான் பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பள்ளிக்கூடம் என்னை விட்டது என்றும் சொல்லலாம். இரண்டு தரப்புக்கும் வருத்தமில்லை. அதன் பிறகு துறைமுகத்தில் கொஞ்ச நாள், புக்கிட் மெர்தாஜாமில் டயர் கடையில் கொஞ்ச நாள், சிங்கப்பூரில் கப்பல் துரு தட்டுவதில் கொஞ்ச நாள், ஆஸ்திரேலியாவில் திராட்சை பறிப்பதில் ஒரு பருவம். அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு ஏஜெண்டு ஜப்பானில் வேலை இருக்கிறது என்றார். "துப்புரவு வேல. மண்ணு, புல்லு, அவ்ளோதான்" என்றார். ஒரு ஏஜெண்டு உண்மை பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். வேலை நிஜமாகவே மண்ணும் புல்லும்தான்.

உலை வெடித்தபோது காற்றில் போனதெல்லாம் மழையோடு கீழே இறங்கி மண்ணின் மேல்தோலில் ஒட்டிக்கொண்டது. அதில் சீசியம் என்று ஒன்று. களிமண்ணில் உட்கார்ந்துவிட்டால், கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இடம் பிடித்த ஆள் மாதிரி எழுந்திருக்கவே எழுந்திருக்காது. அதில் ஒரு வசதியும் உண்டு. ஆழமாகத் தோண்ட வேண்டியதில்லை. மேலாக ஐந்து சென்டிமீட்டர் சுரண்டினால் போதும். சுரண்டியதைப் பெரிய கறுப்புப் பையில் கட்ட வேண்டும். பையைப் பக்கத்து வயலில் அடுக்க வேண்டும். சுரண்டிய இடத்தில் மலையிலிருந்து கொண்டுவந்த புது மணலைக் கொட்ட வேண்டும். கூரை ஓடுகளை ஈரக் காகிதத்தால் துடைக்க வேண்டும். ஒரு பக்கம் துடைத்த காகிதத்தால் மறுபடி துடைக்கக் கூடாது. கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடக் கூடாது. பிடித்து, வடிகட்டி, வடிகட்டியில் தங்கியதையும் பையில் கட்ட வேண்டும். எல்லாம் கடைசியில் பைக்குள்தான் போகும். பை எங்கே போகும் என்று கேட்டால், எங்கள் மேஸ்திரி வானத்தைப் பார்ப்பார்.

வீட்டைச் சுற்றி இருபது மீட்டர் வரைக்கும் காட்டையும் கூட்டிப் பெருக்கினோம். சருகு, பாசி, செத்த கிளை எல்லாவற்றையும் வாரினோம். அதற்கு அப்பால் கை வைக்கக் கூடாது என்பது உத்தரவு. இருபத்தோராவது மீட்டரில் நின்றுகொள்ளும்படி மேலிடத்தில் யாரோ சீசியத்தோடு பேசி வைத்திருந்தார்கள் போல. மலையில் மழை பெய்தால் மேலே இருந்தது கீழே வரும். மறுபடி அளந்து பார்ப்பார்கள். மறுபடி சுரண்டுவோம். சீசியம் பாதியாகக் குறைய முப்பது வருஷமாகும் என்றார்கள். மீதியில் பாதி குறைய இன்னொரு முப்பது. நான் எந்த வேலையிலும் முப்பது வாரம் தாண்டியதில்லை.

ஆள் இல்லாத வீடுகளுக்குள் போகும்போது மேஸ்திரி எங்களைப் பூட்ஸைக் கழற்றச் சொல்வார். உள்ளே எலிப் புழுக்கை கணுக்கால் வரைக்கும் கிடக்கும். காட்டுப் பன்றி பாயைக் கிழித்துப் போட்டிருக்கும். ஆனாலும் வாசலில் கழற்றி வரிசையாக வைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். அந்த ஒரு விஷயத்தில் நமக்கும் ஜப்பான்காரனுக்கும் பேச்சே தேவையில்லை.

தினமும் வேலை முடிந்து வெளியே வரும்போது உள்ளங்கை, உள்ளங்கால், முதுகு, தலைமயிர் எல்லாவற்றிலும் மீட்டரை ஓட்டிப் பார்ப்பார்கள். சுத்தம் என்று சொன்ன பிறகுதான் சோறு. அப்படிப் பார்த்தால் பினாங்கிலேயே அதிகமாகச் சோதிக்கப்பட்டு நல்லவன் என்று பெயர் வாங்கிய ஆள் நான்தான். இது யாருக்கும் உறைக்கவில்லை.

தங்கச்சி வீடு ஆயர் ஈத்தாமில், வரிசை வீடுகளில் ஒன்று. மாப்பிள்ளை பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்ப்பவர். நல்ல மனிதர். பொய் சொல்லத் தெரியாதவர். இந்தக் கதையில் பாதி சிரமம் அதனால் வந்தது. வீட்டை நடத்துபவர் அவருடைய அம்மா. நான் அத்தை என்று கூப்பிடுவேன். எங்கள் அப்பா அம்மா இரண்டு பேரும் இல்லை. தங்கச்சி கல்யாணத்தின்போது நான் கப்பலுக்கு அடியில் துரு தட்டிக்கொண்டிருந்தேன். வளைகாப்பின்போது மண் சுரண்டிக்கொண்டிருந்தேன். இரண்டு தடவையும் பெண் வீட்டு ஆட்களுக்குப் போட்ட பாய் காலியாகவே கிடந்ததாம். அத்தை வீட்டு உறவில் அதைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை.

நான் திரும்பி வந்த அன்றைக்கே தங்கச்சி சமையல் கட்டில் வைத்துச் சொல்லிவிட்டாள்.

"அண்ணே, இந்தத் தடவையும் நீ மடி குடுக்கலன்னா, எனக்கு ஆளே இல்லன்னு ஊருக்கே சொன்ன மாதிரி ஆயிரும். அவங்க சொந்தத்துல ஒருத்தர ஒக்கார வச்சு முடிச்சிரலாம்னு இப்பவே பேச்சு ஓடுது."

"அவன் எப்படித் தாய்மாமன் ஆவான்?"

"ஆள் இல்லாத எடத்துல யாரு வேணா ஆவான்லா."

பிறகு குரலை இறக்கி, "நெசமாவே ஒன்னும் இல்லல்ல?" என்றாள்.

நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இதே கேள்வியை அத்தை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இவள் கேட்டபோது வரவில்லை. ஒன்றும் இல்லை என்றேன். என் உடம்புக்குள்ளே என்ன இருக்கிறது, பத்து வருஷம் கழித்து என்ன வரும் என்பதெல்லாம் எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஆனால் என் மடியிலிருந்து குழந்தைக்கு எதுவும் தொற்றாது. அது மட்டும் தெரியும். அதைத்தான் சொன்னேன்.

அத்தையிடம் அது எடுபடவில்லை. என்னை வாசலுக்குப் பக்கத்தில், காற்று வெளியே போகிற திசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. புள்ள சின்னது."

"அத்தை, மேல ஒட்டுனத அங்கயே கழுவிட்டுத்தான் ஆள வெளிய விடுவாங்க. வெயில்ல வேல செஞ்சவன் உள்ள வந்தா வீட்டுக்குள்ள வெயில் அடிக்குமா?"

"வெயில் வேற, அணு வேற. வெயில் அடிச்சா அறுவது வருசத்துக்குப் புல்லு மொளைக்காதுன்னு வாட்சாப்புல வரல."

மாப்பிள்ளை சமாதானம் செய்யும் ஆசையில் எழுந்து போய், ஒயரில் கரண்டு ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் பேனாவைக் கொண்டுவந்தார். என் முழங்கையில் வைத்தார். கழுத்தில் வைத்தார். விளக்கு எரியவில்லை.

"பாரும்மா. ஒன்னும் இல்ல. மச்சான் கிளீன்."

"அது கரண்டுக்குள்ளதுடா" என்றார் அத்தை. அந்த வீட்டில் விஞ்ஞானம் யாரிடம் இருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரிந்தது.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். எந்தத் தீட்டாக இருந்தாலும் கழிக்க நமக்கு ஒரு வழி உண்டு. மஞ்சள், வேப்பிலை, கல்லுப்பு, எலுமிச்சை. இவை போட்ட தண்ணீரை என் தலையில் ஊற்றிவிட்டால் மடி கொடுக்கலாம் என்று அத்தை ஒப்புக்கொண்டார். தங்கச்சி முகத்தில் வெளிச்சம் வந்தது. எனக்கும் ஆட்சேபம் இல்லை. ஜப்பானில் சோப்பு போட்டதை இங்கே மஞ்சள் போட்டுச் செய்கிறார்கள், முறை ஒன்றுதான்.

குளியலறையில் ஊற்றினால் அது குழாயோடு போகும், வீட்டுக்கு அடியிலேயே நிற்கும் என்று அத்தைக்குச் சந்தேகம். அதனால் பின்பக்கம், திறந்த வெளியில், கருவேப்பிலை மரத்தடியில் என்னை நிற்க வைத்தார்கள். தகரக் கூரை உயரத்துக்கு வளர்ந்த மரம். அத்தை பாசாரில் கருவேப்பிலை வாங்கி யாரும் பார்த்ததில்லை. அந்த வரிசையில் பாதி வீட்டுத் தாளிப்பு அந்த மரத்திலிருந்துதான். மாப்பிள்ளை வாளி வாளியாக ஊற்றினார். நான் மஞ்சள் பூசிய பிள்ளையார் மாதிரி நின்றேன். தண்ணீர் காலடியில் மண்ணுக்குள் இறங்கியது. எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட்டோம். எனக்குக் கூடத்துக்குள்ளேயே நாற்காலி கிடைத்தது.

மறுநாள் காலையில் ரசத்துக்குத் தாளிக்க அத்தை கருவேப்பிலை பறிக்கப் போனார். கையைத் தூக்கியவர் அப்படியே நின்றார். பறிக்காமல் திரும்பி வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"தம்பி, அந்த ஊர்ல மனுசன கழுவுன தண்ணிய என்ன செய்வாங்க?"

நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. "புடிச்சு வப்பாங்க அத்தை. மண்ணுல விடவே மாட்டாங்க" என்றேன்.

"விட்டுட்டா?"

"அப்ப மண்ண சுரண்டி எடுக்கணும்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்பது புரிந்தது. மாப்பிள்ளை என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அத்தை பின்பக்கம் போய் மண்வெட்டியை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். என் தொழிலுக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் மரியாதை அது.

மரத்தைச் சுற்றி ஐந்து சென்டிமீட்டர் சுரண்டினேன். அது போதும் என்றேன். "இன்னும் கொஞ்சம்" என்றார். இன்னும் சுரண்டினேன். "மஞ்சத்தண்ணி எறங்கிருக்கும் தம்பி, இன்னும் ஆழமா" என்றார். எங்கள் மேஸ்திரியைவிட அத்தை கண்டிப்பானவர். வேர்கள் விரல் விரலாக வெளியே தெரிகிற வரைக்கும் எடுத்தேன். அரிசிப் பைகளில் மண்ணைக் கட்டி வேலியோரம் வரிசையாக வைத்தேன். வாயைச் சுருட்டிக் கட்டுவதில் என் கைக்கு நல்ல பழக்கம். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து, கோழி கூவுகிற ஒரு கொல்லையில், அதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, பையில் என்ன என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை உண்மையைச் சொல்லிவிட்டார். பெரியவர் தலையை ஆட்டினார். மிகவும் மரியாதையான மனிதர். வேலியோரம் இருந்த தன்னுடைய எலுமிச்சைத் தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மறுபக்கத்துக்குக் கொண்டுபோய் வைத்தார். இடுப்பு வலியோடு அவர் அதைச் செய்ததைப் பார்த்து அத்தையின் பயம் இரட்டிப்பானது.

"காது குத்துக்கு முந்தி இந்த மூட்டைங்க இங்க இருக்கக் கூடாது" என்றார்.

மாப்பிள்ளை ஒரு வேன் பிடித்தார். நானும் அவரும் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் புக்கிட் மெர்தாஜாம் போனோம். அங்கே அவருடைய பெரியப்பாவுக்கு ரோட்டோரமாகப் பள்ளமான நிலம் இருக்கிறது. நிரப்ப மண் வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவர். வழியெல்லாம் நான் பாடம் சொன்னேன்.

"மாப்ள, மண்ணுன்னு மட்டும் சொல்லுங்க. கேக்காததுக்குப் பதில் சொல்லாதீங்க."

"சரி மச்சான்."

பெரியப்பா மூட்டையைப் பிரித்து மண்ணைக் கையில் எடுத்து நசுக்கிப் பார்த்தார். "நல்ல மண்ணாச்சே. இத ஏன்டா தூக்கிக் குடுக்கற?" என்றார். அதோடு முடிந்திருக்க வேண்டியது. மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார், வேர்த்தார். "அணு மண்ணு பெரியப்பா" என்றார். பெரியப்பா கையைக் கழுவிய வேகத்தை நான் எந்த அணு உலைப் பக்கமும் பார்த்ததில்லை.

அங்கிருந்து, பூச்செடி விற்கும் ஒரு நாற்றுப் பண்ணைக்குப் போனோம். அங்கேயும் உண்மை பேசினார். திரும்பும்போது பாலத்தில் நெரிசல். வண்டி நகரவில்லை. ஒரு மூட்டை கிழிந்து மண் எங்கள் காலடிக்கு வந்தது.

"மச்சான், ஜப்பான்ல கடைசில இதெல்லாம் எங்கதான் கொண்டு போனாங்க?"

"ஒரு எடத்துலேர்ந்து இன்னொரு எடம். அங்கேர்ந்து இன்னொரு எடம். நான் கெளம்பறப்ப பைங்க கிழிஞ்சு உள்ளேர்ந்து புல்லு மொளைச்சிருந்துச்சு. எங்க ஊர்ல வேணாம்னுதான் எல்லாரும் சொன்னாங்க."

"நல்லா படிச்சவங்க ஊருன்னு சொன்னாங்க."

"அதனாலதான் பைய ஒழுங்கா அடுக்கி வச்சாங்க."

மூட்டைகள் மறுபடி கொல்லைக்கே வந்தன. காது குத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. அத்தை முகம் கொடுத்துப் பேசவில்லை. மண்ணே இவ்வளவு ஆபத்தானது என்றால் அந்த மண்ணுக்குக் காரணமானவன் எப்படி மடி கொடுப்பது என்று அவர் போனில் யாரிடமோ கேட்டது கூடத்துக்கே கேட்டது. சொந்தத்தில் ஒருவரைப் புது வேட்டி எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லியாயிற்று. தங்கச்சி அன்றைக்குச் சோற்றில் உப்புப் போட மறந்தாள். எல்லோரும் அப்படியே சாப்பிட்டு எழுந்தோம்.

அதற்குள் மரம் வாடத் தொடங்கியது. வேரெல்லாம் வெயிலில் கிடந்தால் எந்த மரம் நிற்கும்? இலை மஞ்சளாகிக் கொட்டியது. கொழுந்துகள் கருகித் தொங்கின. மாப்பிள்ளை கடையில் புது மண் வாங்கிவரலாம் என்றார். கடை மண் பிளாஸ்டிக் பையில் வேகிற மண், அது தன் மரத்துக்கு ஒத்துக்காது என்றார் அத்தை. மூன்று வேளையும் பின்பக்கம் போய் மரத்தைப் பார்த்துவிட்டு வந்தார். பாசாரில் ஐம்பது காசுக்கு ஒரு கட்டுக் கருவேப்பிலை வாங்கி வரச் செய்து, முகர்ந்து பார்த்து, ஓரமாகத் தள்ளிவைத்தார். அன்றைய சாம்பாரைப் பற்றி எழுதாமல் இருப்பது மரியாதை.

அடுத்த நாள் சாயங்காலம் நான் வாசலில் உட்கார்ந்திருந்தபோது வந்தார்.

"தம்பி, அந்த மண்ணத் திரும்பப் போட்டா மரம் பொழைக்குமா?"

"பொழைக்கும் அத்தை. இன்னிக்கே போட்டா."

"போட்டுருங்க" என்றார்.

நான் மூட்டைகளைப் பிரித்து மண்ணை வேர்கள் மேல் பரப்பி மிதித்துக்கொண்டிருந்தேன். அத்தை தானே தண்ணீர் ஊற்றினார். ஒரு கையால் தழையைக் கோதிக் காய்ந்ததை உதிர்த்தார். தங்கச்சி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையல் கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் மாமியாரை எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை. சத்தத்தை உயர்த்தாமல்தான் பேசினாள்.

"அத்தை, இந்த மரத்துக் கருவேப்பிலைய நாளைலேர்ந்து சாப்புடுவீங்களா?"

அத்தை திரும்பவில்லை. "மரம் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார்.

"எங்கண்ணன் என்ன பாவம் பண்ணாரு? அவரு மேல பட்ட தண்ணி எறங்குன மண்ணுல வளந்தத நீங்க சாப்புடுவீங்க. எங்க எல்லாருக்கும் போடுவீங்க. அவரு மடில என் புள்ள கால் மணி நேரம் ஒக்காந்தா மட்டும் கெட்டுப்போயிருமா?"

மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்தார். அவருக்கு ஒரு கருத்து இருந்திருக்கலாம். அதைத் தொழிற்சாலையில் சொல்லிக்கொள்வார். நான் மண்ணை மிதித்துக்கொண்டே இருந்தேன். இந்த மாதிரி இடத்தில் கையில் ஒரு வேலை இருப்பது எவ்வளவு நல்லது.

வாளித் தண்ணீர் தீர்ந்தது. அத்தை காலி வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

"நாளைக்குக் காலைல வெள்ளனவே கோயிலுக்கு வந்துரச் சொல்லு. லேட்டா வந்தா காது குத்துற தட்டார் அடுத்த புள்ளைக்குப் போயிருவாரு" என்றார். எனக்கு மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டு, என்னிடம் சொல்லாமல், அவளிடம்.

தண்ணீர்மலைக் கோயில் மண்டபத்தில் அன்றைக்கு நல்ல கூட்டம். இன்னும் மூன்று குழந்தைகள் காத்திருந்தன. புது வேட்டியோடு வந்திருந்த அந்தச் சொந்தக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று முன் வரிசையிலேயே நின்றார். நான் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அத்தை வந்து, என் முகத்தைப் பார்க்காமல், தடிமனான ஒரு துண்டை நான்காக மடித்து என் மடியில் விரித்தார். அணு உலைக்குப் பக்கத்தில்கூட இதைவிட மெல்லிய துணிதான் எனக்குக் கொடுத்தார்கள்.

மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலையோடு குழந்தையைக் கொண்டுவந்து வைத்தார்கள். துண்டு வழுக்கியது. குழந்தை சறுக்கிக்கொண்டு போனது. தட்டார் அவசரத்தில் இருந்தார்.

"துண்டு எதுக்கு? எடுங்க. கெட்டியா புடிங்க தாய்மாமா."

அவரே துண்டை உருவி ஓரமாகப் போட்டார். யாரும் அவருக்கு எதுவும் சொல்லியிருக்கவில்லை. அத்தையின் கை பாதி தூரம் வந்து நின்றது. நான் குழந்தையின் தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன். சூடாக இருந்தது. ஒரு காது. இன்னொரு காது. அது போட்ட கத்தலில் அடுத்து காத்திருந்த மூன்றும் சேர்ந்து கத்தத் தொடங்கின.

முடிந்ததும் மாப்பிள்ளை குழந்தையை வாங்கக் கை நீட்டினார். தங்கச்சி அவர் கையைத் தட்டிவிட்டாள். எனக்குப் பக்கத்தில், கூட்டத்தைப் பார்த்தபடி, பட்டுப் புடவையில் நிமிர்ந்து நின்றாள்.

"குடுக்காத அண்ணே. கொஞ்ச நேரம் வச்சிரு. எல்லாரும் பாக்கட்டும்."

குழந்தை என் சட்டையில் மூக்கைத் துடைத்துவிட்டு மறுபடி கத்தியது. எனக்கு ஒரு கால் மரத்துப்போயிருந்தது. மாற்றி உட்காரலாமா என்று கேட்டேன். கூடாது என்றாள், பின் வரிசையில் நின்றவர்கள் இன்னும் பார்க்கவில்லையாம்.